எழுத்து ஒட்டிப் பிறந்தவை, பொருள் வெட்டிப் பிரிந்தவை: வழக்கொழிந்த ஆங்கிலச் சொற்களைப் பிரித்தறிய முழுமையான வழிகாட்டி

இந்திய பாஸ்போர்ட்டுக்குள் குடியரசுத் தலைவரின் பெயரால் ஒரு வேண்டுகோள் அச்சாகியிருக்கும். இதை வைத்திருப்பவரை 'வித்தௌட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' செல்ல விடுங்கள் என்பது அதன் சாரம். லெட் என்றால் 'விடு, அனுமதி' என்றுதான் பள்ளியில் படித்திருக்கிறோம். அந்தப் பொருளை இங்கே வைத்துப் பாருங்கள்: 'அனுமதியோ தடையோ இல்லாமல்' என்று வரும். எந்த அரசாங்கமும் அப்படி வேண்டாது. இங்கே வரும் லெட் வேறு சொல். அதற்குப் பொருள் 'தடை'.

நடந்தது இதுதான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் 'லேட்டன்' என்ற வினை அனுமதிப்பதைக் குறித்தது. 'லெட்டன்' என்ற வேறொரு வினை தடுப்பதைக் குறித்தது. கடைசி அசைகள் தேய்ந்து இரண்டும் ஒரே எழுத்துக்கூட்டலில் வந்து நின்றன. நேர்எதிர்ப் பொருள் கொண்ட இரண்டு சொற்கள் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டால் ஒன்று வெளியேறித்தான் ஆக வேண்டும். தடுக்கும் லெட் வெளியேறியது. பாஸ்போர்ட்டிலும், டென்னிஸில் சர்வ் செய்த பந்து வலையை உரசிப் போனால் நடுவர் சொல்லும் 'லெட்'டிலும் மட்டும் தங்கிவிட்டது.

இப்படிப்பட்ட சொற்களை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்வது வீண்வேலை. பெரும்பாலானவை ஓர் ஒழுங்குக்குள் அடங்கும், அடங்காதவை சிலதான். கீழே உள்ள வரிசை, சுமார் 1500 முதல் 1700 வரையிலான ஆங்கிலத்தை வாசிப்போருக்கானது. 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிள், ஷேக்ஸ்பியரின் நாடகங்கள், கிழக்கிந்தியக் கம்பெனிக் காலக் கையெழுத்து ஆவணங்கள், அவற்றின் வாலாக இன்றும் தொடரும் பத்திர ஆங்கிலம் ஆகிய எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஒரு எச்சரிக்கை: தமிழ் எழுத்தில் எழுதும்போது இந்தச் சொற்களில் பல ஒன்றுபோலவே தெரியும். அதனால் தேவையான இடத்தில் ஆங்கில எழுத்தின் பெயரைச் சொல்லியே பிரித்திருக்கிறோம்.

முதல் படி: சொல்லைப் பார்க்கும் முன் எழுத்தைப் பாருங்கள்

பாதிக் குழப்பம் பொருளில் இல்லை, எழுத்துருவில் இருக்கிறது. நான்கு பொறிகள் உண்டு.

முதலாவது நெட்டை எஸ். 1800ஐ ஒட்டிய காலம் வரை ஆங்கில அச்சில் எஸ் எழுத்துக்கு இரண்டு வடிவங்கள் இருந்தன. சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் வரும் நெட்டை வடிவம் பார்வைக்கு எஃப் போலவே இருக்கும். 'சேம்' என்பது 'ஃபேம்' ஆகத் தெரியும். 'சைட்' என்பது 'ஃபைட்' ஆகும். விற்றதைச் சொல்லும் 'சோல்ட்', மடித்ததைச் சொல்லும் 'ஃபோல்ட்' ஆகிவிடும். பிரிக்க இரண்டு சோதனைகள். ஒன்று, எஃப் எழுத்தின் குறுக்குக்கோடு தண்டின் இருபுறமும் நீளும். நெட்டை எஸ்ஸில் அது இடப்பக்கம் மட்டும் துருத்தும், அல்லது இருக்கவே இருக்காது. இரண்டு, சொல்லின் கடைசி எழுத்தாக நெட்டை எஸ் வராது. அங்கே எஃப் போலத் தெரிந்தால் அது எஃப்தான்.

அச்சில் போனாலும் கையெழுத்தில் இது இன்னும் நெடுங்காலம் வாழ்ந்தது. 19ஆம் நூற்றாண்டுக் கையெழுத்தில் இரட்டை எஸ் வரும் இடங்களில் முதல் எஸ் நெட்டையாக இருக்கும். 'விட்னெஸ்', 'பொசெஷன்' போன்ற சொற்களில் எஃப்-எஸ் என்றோ, கோணலான ஒரு பி என்றோ தோன்றும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய கட்டுகளைப் புரட்டுவோர் முதல் நாளே முட்டிக்கொள்ளும் இடம் இது.

இரண்டாவது யூ–வி, ஐ–ஜே. 1620கள் வரையிலான அச்சில் யூ, வி இரண்டும் ஒரே எழுத்தின் இரு கோலங்கள். சொல்லின் முதலில் வி வடிவம், நடுவில் யூ வடிவம். ஒலி எதுவானாலும் சரி. 'அப்பான்' வி எழுத்தில் தொடங்கும். 'லவ்', 'ஹேவ்', 'எவர்' ஆகியவற்றின் நடுவே யூ நிற்கும். அதேபோல 'ஜட்ஜ்', 'ஜாய்' ஐ எழுத்தில் தொடங்கும். 1623இல் வெளியான ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பின் முதற்பதிப்பில் இந்த வழக்கமே.

மூன்றாவது 'யீ ஓல்ட்' என்று கடைப் பலகைகளில் பழமைக்காக எழுதும் அந்த 'யீ'. அது யீயே அல்ல. பழங்காலத்தில் 'த' ஒலிக்கென்று 'தார்ன்' என்ற தனி எழுத்து இருந்தது. கையெழுத்தில் அது தேய்ந்து ஒய் போல ஆனது. அச்சுக்கோப்பவர்களிடம் தார்ன் எழுத்து இல்லாததால் ஒய்யைப் போட்டார்கள். ஆகவே அது இன்றைய 'த' என்ற சுட்டுச்சொல்தான். வாசிப்பதும் 'த' என்றே. 17ஆம் நூற்றாண்டுக் கையெழுத்தில் ஒய் மேல் சிறிய ஈ இருந்தால் 'த', சிறிய டி இருந்தால் 'தட்'. 'நீங்கள்' என்று பொருள்படும் உண்மையான யீயிலிருந்து இதைப் பிரிப்பது எளிது: அடுத்து பெயர்ச்சொல் வந்தால் 'த', வினை வந்தால் 'நீங்கள்'.

நான்காவது, பின்னாளில் பிரிந்த இரட்டையர். இன்று 'பிறகு' என்னும் 'தென்' வேறு, ஒப்பிடும்போது 'விட' என்னும் 'தேன்' வேறு. பழைய அச்சில் ஒப்பீட்டுக்கும் ஈ போட்ட 'தென்'தான் வரும். முன்னால் 'மோர்', 'பெட்டர்' மாதிரி ஒப்பீட்டுச் சொல் இருந்தால் 'விட' என்று எடுத்துக்கொள்ளுங்கள். பூவைக் குறிக்கும் ஃப்ளவரும் மாவைக் குறிக்கும் ஃப்ளவரும் ஒரே சொல். மாவின் 'மலர்', அதாவது சலித்தெடுத்த நயமான பகுதி என்பதிலிருந்து வந்தது. உலோகமான மெட்டலும் நெஞ்சுரமான மெட்டிலும் அப்படியே. பயணமான டிராவலும் பாடு, பிரசவ வேதனை ஆகியவற்றைக் குறிக்கும் டிராவெய்லும் ஒரே பிரெஞ்சுச் சொல்லின் பிள்ளைகள். இவை மாறிமாறி வந்தால் அச்சுப்பிழை என்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள். சூழலைப் பார்த்துப் பொருள் கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: இ, அ, எ என்று பிரியுங்கள்

இங்கே தமிழ் தெரிந்தவருக்கு ஒரு சலுகை இருக்கிறது. இங்கே–அங்கே–எங்கே, இவன்–அவன்–எவன் என்று முதல் எழுத்தை வைத்தே அண்மை, சேய்மை, வினா என்று பிரிக்கப் பழகியவர்கள் நாம். ஆங்கிலத்தின் ஒன்பது சொற்கள் அப்படியே இந்தச் சட்டத்தில் உட்காரும்.

எச் தொடங்கினால் இகரம்: ஹியர், ஹிதர், ஹென்ஸ்.
டி-எச் தொடங்கினால் அகரம்: தேர், திதர், தென்ஸ்.
டபிள்யூ-எச் தொடங்கினால் எகரம்: வேர், விதர், வென்ஸ்.

தலையெழுத்து சுட்டைச் சொல்கிறது. வால் திசையைச் சொல்கிறது. ஆர்-ஈ என்று முடிந்தால் ஓரிடத்தில் இருப்பது. 'தர்' என்று முடிந்தால் அந்த இடம் நோக்கிப் போவது. 'ன்ஸ்' என்று முடிந்தால் அங்கிருந்து கிளம்புவது. யோபுவின் புத்தகத்தில் 'வென்ஸ் கமஸ்ட் தௌ' என்று கேட்டால் 'எங்கிருந்து வருகிறாய்'. யோவான் 16:5இல் 'விதர் கோயஸ்ட் தௌ' என்றால் 'எங்கே போகிறீர்'.

நாம் சறுக்கும் இடம் ஒவ்வொரு வரியிலும் வரும் நடுச்சொல். தமிழில் 'இங்கே இரு', 'இங்கே வா' இரண்டுக்கும் 'இங்கே' போதும். அதனால் ஹியரும் ஹிதரும் ஒன்றுதானே என்று தோன்றும். வாசிக்கும்போது பெரிய நஷ்டமில்லை. எழுதும்போதுதான் மாட்டிக்கொள்வோம்: 'அவன் ஹிதர் வசிக்கிறான்' என்பது பிழை, ஏனென்றால் வசிப்பதில் நகர்வு இல்லை. வினையில் நகர்வு இருக்கிறதா என்று ஒரு நொடி பாருங்கள். இருந்தால் மட்டுமே ஹிதர், திதர், விதர்.

ஹென்ஸ் மட்டும் இடத்தோடு நிற்பதில்லை. காலத்துக்கும் காரணத்துக்கும் தாவும். 'த்ரீ மன்த்ஸ் ஹென்ஸ்' என்றால் இன்றிலிருந்து மூன்று மாதம் கழித்து. மூன்று மாதத்துக்கு முன் அல்ல. ஒப்பந்தத்தில் இதைத் தலைகீழாகப் படித்தால் கெடு தேதியே மாறிவிடும். வாக்கியத்தின் தொடக்கத்தில் வந்தால் 'இதனால்'.

'ஃப்ரம் வென்ஸ்' சரியா? வென்ஸிலேயே 'இருந்து' அடங்கியிருக்கிறது. மறுபடி ஃப்ரம் போடுவது நம்மூர்க் 'கேட்டுவாசல்' மாதிரி என்று இலக்கணக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் கிங் ஜேம்ஸ் பைபிளின் 121ஆம் சங்கீதத்திலேயே 'ஃப்ரம் வென்ஸ் கமத் மை ஹெல்ப்' என்று இருக்கிறது. படிக்கும்போது பிழை என்று துள்ள வேண்டாம். சொந்தமாக எழுதும்போது தவிர்த்தால் போதும்.

மூன்றாவது சுட்டு ஒன்றும் ஆங்கிலத்தில் இருந்தது: யான், யாண்டர். தெரியும் தொலைவில் அதோ நிற்பது. இலங்கைத் தமிழில் இன்றும் உயிரோடிருக்கும் 'உது', 'உவன்' உடனே நினைவுக்கு வரும். ஒரு வித்தியாசம்: நம் உகரச் சுட்டு இடைப்பட்டதைக் காட்டும், அவர்களுடைய யான் அகரத்துக்கும் அப்பால் நிற்கும்.

இந்த வரிசைக்குப் பக்கத்திலேயே ஒரு கண்ணிவெடி இருக்கிறது. ஐந்து சொற்கள். டபிள்யூ-எச்-ஐ என்று தொடங்கும் விதர்: எங்கே நோக்கி. எச் இல்லாமல் டபிள்யூ-ஐ என்று தொடங்கும் விதர்: வாடு, உலர்ந்துபோ. டபிள்யூ-எச்-ஈ என்று தொடங்கும் வெதர்: இன்று 'ஆமா, இல்லையா' என்னும் ஐயம், அன்று 'இரண்டில் எது'. டபிள்யூ-ஈ-ஏ வெதர்: வானிலை. டபிள்யூ-ஈ மட்டும் போட்ட வெதர்: காயடித்த செம்மறிக் கடா.

இவற்றில் அதிகம் ஏமாற்றுவது மூன்றாவது. மத்தேயு 23:17இல் 'வெதர் இஸ் கிரேட்டர், த கோல்ட், ஆர் த டெம்பிள்' என்று வரும். இன்றைய கண்ணுக்குப் பாதியில் நின்ற வாக்கியம். 'இரண்டில் எது பெரிது, பொன்னா, ஆலயமா' என்று வைத்தால் முழுமை பெறும். கடைசி வெதர் அறவே செத்துவிடவில்லை. கழுத்தில் மணி கட்டி மந்தைக்கு முன்னால் விடும் கடாதான் 'பெல்வெதர்'. பங்குச்சந்தைச் செய்திகளில் போக்கைக் காட்டும் பங்குக்கு அந்தப் பெயரையே சொல்கிறார்கள். அதை ஏ போட்டு வானிலையாக எழுதுவது நாளிதழ்களில்கூட நடக்கும் பிழை. 'த மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ்' நாடகத்தில் அன்டோனியோ தன்னை மந்தையின் நோயுற்ற வெதர் என்று சொல்லிக்கொள்வதும் இந்தக் கடாதான்.

மூன்றாம் படி: வேற்றுமை உருபைக் கழற்றுங்கள்

ஹியர்பை, தேராஃப், வேரின், ஹியரன்டு என்று பத்திரங்களில் சங்கிலியாக வரும் சொற்களைக் கண்டு பயப்படத் தேவையில்லை. இவை தமிழ்ச் சொல்லமைப்புப் போலவே கட்டப்பட்டவை: முன்னால் சுட்டு, பின்னால் உருபு. ஹியர் என்பதை 'இது', தேர் என்பதை 'அது', வேர் என்பதை 'எது' என்று வையுங்கள். பிறகு வாலை ஒட்டுங்கள். பை வந்தால் 'ஆல்', இன் வந்தால் 'இல்', ஆஃப் வந்தால் 'உடைய', டு அல்லது அன்டு வந்தால் 'கு', வித் வந்தால் 'ஓடு', அப்பான் வந்தால் 'மேல்'. ஹியர்பை: இதனால். தேராஃப்: அதனுடைய. தேரின்: அதில்.

வேர் மட்டும் ஒரு திருத்தம் கேட்கும். பத்திரத்தில் அது கேள்வி கேட்பதில்லை. முன்னால் சொன்னதைப் பிடித்துக்கொண்டு தொடர்கிறது. 'இன் விட்னெஸ் வேராஃப் த பார்ட்டீஸ் ஹியர்டு ஹேவ் ஹியரன்டு செட் தேர் ஹேண்ட்ஸ்' என்ற கடைசி வரியைப் பிரித்தால்: 'மேற்கண்டதற்குச் சாட்சியாக, இந்த ஆவணத்துக்குரிய தரப்பினர் இதில் கையொப்பமிட்டார்கள்'. சொல்லுக்குச் சொல் பயமுறுத்தும் வரி, உள்ளே நாம் தினமும் பார்க்கும் சங்கதி.

இந்தக் குடும்பத்தில் ஒரு எழுத்து வித்தியாசத்தில் வழக்கு மன்றம் வரை போகக்கூடிய ஜோடி தேர்ஃபோர். கடைசியில் ஈ இருந்தால் 'ஆகையால்'. ஈ இல்லாவிட்டால் 'அதற்காக, அதற்கு ஈடாக'. 'சொத்தும் தேர்ஃபோர் செலுத்திய தொகையும்' என்ற இடத்தில் ஈ இல்லாதது வர வேண்டும். 'அதற்காகச் செலுத்திய தொகை'. தட்டச்சு செய்பவரோ கணினியின் எழுத்துத் திருத்தியோ பழக்கத்தில் ஈயைச் சேர்த்துவிடும், வாக்கியம் உளறலாகிவிடும். சோதனை எளிது: சொல்லைத் தூக்கிவிட்டு 'ஆகையால்' போட்டுப் பாருங்கள். பொருந்தாவிட்டால் ஈயை நீக்குங்கள்.

இன்னொரு மூவர்: ஹியர்டு 'இதற்கு', ஹிதர்டு 'இதுவரை', ஹியர்டுஃபோர் 'இதற்கு முன்பு'. முதலாவது இடம், மற்ற இரண்டும் காலம்.

வேர்ஃபோர் என்ற சொல்லுக்கு 'ஏன்' என்று பொருள், 'எங்கே' அல்ல. மேல்மாடத்தில் நின்று ஜூலியட் 'வேர்ஃபோர் ஆர்ட் தௌ ரோமியோ' என்று கேட்கும்போது காதலனைத் தேடவில்லை. 'நீ ஏன் ரோமியோவாக இருக்கிறாய்' என்கிறாள். பகைவீட்டுப் பெயரை ஏன் சுமக்கிறாய் என்று. அடுத்த வரியிலேயே தந்தையை மறு, பெயரைத் துற என்று தொடர்வதும் அதனால்தான். நெற்றியில் கைவைத்துத் தேடுவது போல நடிக்கும் பள்ளி நாடகங்கள் இந்த ஒரு சொல்லில் கவிழ்ந்தவை.

நான்காம் படி: நீயா, நீங்களா

தௌ, தீ, தை, தைன் நான்கும் ஒருமை. தௌ: நீ. தீ: உன்னை, உனக்கு. தை: உன். தைன்: உன்னுடையது, உயிரொலிக்கு முன் 'உன்' என்பதற்கும் தைன் வரும், பழைய நூல்களில் எச் முன்னும் வரும். யீ: நீங்கள். யூ: உங்களை, உங்களுக்கு. கிங் ஜேம்ஸ் பைபிள் யீ–யூ வேற்றுமையைக் கவனமாகக் காக்கிறது. ஷேக்ஸ்பியரிடம் இரண்டும் கலந்து கிடக்கும்.

இன்றைய ஆங்கிலம் இழந்த ஒரு நுட்பம் இங்கே தெரியும். லூக்கா 22ஆம் அதிகாரத்தில் இயேசு பேதுருவிடம் சாத்தான் 'யூ'வைப் புடைக்கக் கேட்டான், நானோ 'தீ'க்காக வேண்டினேன் என்கிறார். இன்றைய ஆங்கிலத்தில் இரண்டும் யூ. ஒரே ஆள் என்று தோன்றும். பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் 'உங்களை', 'உனக்காக' என்று தெளிவாகப் பிரிந்திருக்கிறது: புடைக்கப்படப்போவது சீடர் எல்லாரும், வேண்டுதல் பேதுரு ஒருவருக்கு. பழைய ஆங்கிலப் பைபிளைப் படிப்போர் பக்கத்தில் தமிழ் பைபிளை விரித்துவைப்பது எந்த அகராதிக்கும் குறையாத உதவி.

ஆனால் மரியாதை விஷயத்தில் இந்த உதவி கைவிடும். கோயிலிலும் ஜெபத்திலும் கேட்டுக் கேட்டு, தௌ என்றால் ஏதோ உயர்ந்த மரியாதைச் சொல் என்று பலர் நம்புகிறார்கள். உண்மை தலைகீழ். ஷேக்ஸ்பியர் காலத்தில் பெரியவரிடம் யூ. குழந்தை, வேலையாள், காதலி, கடவுள் ஆகியோரிடம் தௌ. அறிமுகமில்லாத சமமானவரைத் தௌ போட்டால் அது வசவு. 1603இல் வால்டர் ராலே மீதான ராஜதுரோக வழக்கில் அரசு வழக்கறிஞர் எட்வர்ட் கோக் 'ஐ தௌ தீ, தௌ டிரெய்ட்டர்' என்று சீறினார். முதல் தௌ அங்கே வினைச்சொல்: 'உன்னை நீ என்றுதான் கூப்பிடுவேன்'. ஒருமையில் பேசினான் என்று நம்மூரில் சட்டசபை வரை சண்டை போகுமே, அதே விவகாரம்.

அதனால் தௌ வந்த இடமெல்லாம் 'நீ' என்று மொழிபெயர்த்துவிட முடியாது. கடவுளை ஆங்கிலம் தௌ என்றது. தமிழ் பைபிள் 'நீர்', 'உம்முடைய' என்றது. இரண்டு மொழிகளின் பணிவும் வேறு வேறு கதவுகளால் நுழைகின்றன. நாடகத்தில் வந்தால், யார் யாரிடம், எந்த மனநிலையில் பேசுகிறார் என்று பார்த்த பிறகே நீ, நீர், நீங்கள் எது என்று முடிவு செய்யுங்கள். ஒரே காட்சியில் யூவிலிருந்து தௌவுக்கு ஒருவர் தாவினால், அங்கே கோபமோ நெருக்கமோ ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. அந்த இடத்தில் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: வினையின் வால்

எஸ்-டி என்று முடிந்தால் தௌவுக்கு உரியது. டி-எச் என்று முடிந்தால் அவன், அவள், அதுவுக்கு உரியது. தௌ ஹாஸ்ட், ஹி ஹாத். தௌ டஸ்ட், ஹி டத். இவ்வளவுதான் விதி. பழைய காலத்தைப் போலி செய்து எழுதுவோர் 'ஐ டத்', 'ஹி ஹாஸ்ட்' என்று எல்லா வினைக்கும் வால் ஒட்டுவது, தமிழில் 'நான் வந்தாய்' என்பதற்குச் சமம். நானுக்கும் நாங்களுக்கும் வால் கிடையாது.

ஒழுங்குக்கு அடங்காதவை சில: தௌ ஆர்ட், தௌ ஷால்ட், தௌ வில்ட், இறந்தகாலத்தில் தௌ வாஸ்ட் அல்லது வெர்ட். இவை வேறு சொற்களாக வேடம் போடும். ஆர்ட் கலையல்ல. வில்ட், செடி துவள்வதைக் குறிக்கும் வில்ட்டோடு எழுத்தளவில் ஒன்று. வாஸ்டில் ஈ சேர்ந்தால் வீண். ஹாஸ்டில் ஈ சேர்ந்தால் அவசரம். முன்னாலோ பின்னாலோ தௌ இருக்கிறதா என்று பாருங்கள், விடை கிடைத்துவிடும். உச்சரிப்பில் ஒரு குறிப்பு: டி-ஓ-எஸ்-டி என்பதை தூசியைக் குறிக்கும் டஸ்ட் போலவே சொல்ல வேண்டும், 'டோஸ்ட்' என்பது தவறு.

ஆறாம் படி: சட்டத்துக்குள் அடங்காத ஜோடிகள்

இவற்றைத் தனித்தனியாகத்தான் அறிய வேண்டும். ஈ-ஆர்-ஈ ஏர் என்றால் 'முன்'. மேற்கோள் குறி நடுவில் நிற்கும் ஈ-ஈ-ஆர் ஏர், எவர் என்பதன் சுருக்கம், 'எப்போதும்'. கவிதையில் இரண்டும் ஒரே பத்தியில் வரும். அந்தச் சிறு குறி இருக்கிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்க்க வேண்டும்.

காதைக் குறிக்கும் இயர் சொல்லுக்கு எழுத்தில் இரட்டையாக இன்னொரு இயர் இருந்தது: உழு. 'டு இயர் ஹிஸ் கிரௌண்ட்' என்று சாமுவேலின் முதல் புத்தகத்தில் வந்தால் நிலத்துக்குக் காது முளைக்கவில்லை, நிலத்தை உழுகிறார்கள். லத்தீனின் 'அராரே'யோடு உறவுள்ள சொல் இது. தமிழ் 'ஏர்' உடனே காதில் விழும். ஒலி ஒத்துப்போவது தற்செயல், உறவு கொண்டாடக் கிளம்ப வேண்டாம். நினைவில் வைக்க மட்டும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

டபிள்யூ-ஓ-என்-டி வோன்ட் 'வழக்கம்'. 'ஹி வாஸ் வோன்ட் டு' என்றால் அவன் வழக்கமாகச் செய்வான். மேற்கோள் குறி போட்ட வோன்ட் 'மாட்டான்'. குறி விழுந்துபோன அச்சில் பொருள் நேர்எதிராகும். எஃப்-ஏ-ஐ-என் ஃபெயின் 'ஆசையோடு, விருப்பமாய்'. எஃப்-ஈ-ஐ-ஜி-என் ஃபெயின் 'பாசாங்கு செய்'. பைபிள் உவமையில் வரும் கெட்ட குமாரன் தவிட்டால் வயிற்றை நிரப்ப 'ஃபெயின்' என்றால் ஆசையாயிருந்தான், நடிக்கவில்லை.

குவோத் 'சொன்னான்', மேற்கோளைக் குறிக்கும் குவோட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. குவோத் எப்போதும் இறந்தகாலம், எப்போதும் எழுவாய்க்கு முன். அதன் உண்மையான உறவு உயிலில் எழுதிவைப்பதைச் சொல்லும் 'பிக்வீத்'. எம்-ஓ-டி-ஈ மோட் துரும்பு. எம்-ஓ-ஏ-டி மோட் அகழி. ஷேக்ஸ்பியரில் 'ஆன்' என்பது பல இடங்களில் 'ஆல்' விகுதி, அதாவது 'இருந்தால்'; முதற்பதிப்பில் அதை 'அன்ட்' என்றும் அச்சிட்டார்கள். 'மேலும்' என்று படித்துப் பொருள் தட்டினால் 'ஆல்' போட்டுப் பாருங்கள். 'டு விட்' என்று பத்திரத்தில் வந்தால் 'அதாவது'; விட் என்பது அங்கே 'அறி' என்ற பழைய வினை. அதன் உருவங்கள்தான் வாட், விஸ்ட்: அறிகிறேன், அறிந்தேன்.

'வித்தௌட்' இன்று 'இல்லாமல்'. அன்று 'வெளியே' என்றும் பொருள். சிசில் பிரான்சிஸ் அலெக்சாண்டர் எழுதிய கீர்த்தனையில் வரும் பச்சைக் குன்று 'வித்தௌட் எ சிட்டி வால்'. குன்றுக்கு எதற்கு மதில் என்று குழந்தைகள் விழிப்பார்கள். மதிலுக்கு வெளியே இருந்த குன்று.

ஏழாம் படி: அகராதியை எப்படித் திறப்பது

எழுத்தும் அதே, சொல்லும் அதே, பொருள் மட்டும் நகர்ந்துவிட்டவை கடைசி ஆபத்து. ஏனென்றால் இவற்றுக்கு அகராதி பார்க்க வேண்டும் என்றே தோன்றாது. பிரிவென்ட் 'முந்து', 119ஆம் சங்கீதத்தில் விடியலைத் தடுத்ததாகச் சொல்லவில்லை, விடியலுக்கு முந்தி எழுந்ததைச் சொல்கிறது. குவிக் 'உயிருள்ள'. சஃபர் 'அனுமதி'. பிரெசன்ட்லி 'உடனே'. தெரிந்த சொல் வாக்கியத்தில் இடறினால் இந்த வகை என்று சந்தேகியுங்கள்.

பார்ப்பதற்கு ஆக்ஸ்ஃபோர்டின் பெரிய அகராதிதான் சிறந்தது. முதல் பகுதி 1884இலும் கடைசிப் பகுதி 1928இலும் வெளிவந்தன. ஒவ்வொரு பொருளுக்கும் கீழே ஆண்டு வாரியாக எடுத்துக்காட்டுகள் இருக்கும். முதலில் வரும் பொருளை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். ஒரே எழுத்துக்கூட்டலுக்குப் பல தனிப் பதிவுகள் எண்ணிட்டு இருக்கும், லெட் மாதிரி. சரியான வினையா, பெயரா என்று பார்த்துப் பதிவைத் தேர்ந்து, உங்கள் நூலின் ஆண்டுக்குப் பக்கத்தில் எடுத்துக்காட்டு உள்ள பொருளைப் பிடியுங்கள். சிலுவை போன்ற குறி முன்னால் இருந்தால் அந்தப் பொருள் செத்துவிட்டது. உங்கள் நூல் பழையதென்றால் பெரும்பாலும் உங்களுக்கு வேண்டியது அதுதான். கையடக்க அகராதியில் 'ஆர்ச்', 'ஆப்ஸ்' என்ற சுருக்கங்கள் இதே வேலையைச் செய்யும்: முதலாவது பழவழக்கு, இரண்டாவது வழக்கொழிந்தது.

ஒரு பயிற்சி. ரோமர் 1:13இல், உங்களிடம் வரப் பலமுறை நினைத்தேன் என்று எழுதிவிட்டு, பவுல் அடைப்புக்குறிக்குள் நான்கே சொற்கள் சேர்க்கிறார்: 'பட் வாஸ் லெட் ஹிதர்டு'. இன்றைய கண்ணோடு படித்தால் 'ஆனால் இங்கே வர அனுமதிக்கப்பட்டேன்'. ஹிதர்டு இடம் அல்ல, காலம்: இதுவரை. லெட், பாஸ்போர்ட்டில் இருக்கிற லெட். வர முடியாமல் போனதைச் சொல்லும் வரி: 'ஆனால் இதுவரை தடுக்கப்பட்டேன்'.